கைக்கேற்ற கழை

தூண்டிற்கோல் ஒன்றைக் காண்பவர் கண்ணில் முதற்கண் படுவன அதன் அணிகளே. பிடியின் வழவழப்பும், வளையங்களைப் பிணித்துள்ள நூற்சுற்றுக்களின் நிறமும், மேலே பூசிய வார்னிஷின் ஒளியும் நம் நோக்கைக் கவர்ந்து நிற்கும். இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே சென்றால் இறுதியில் எஞ்சுவது யாது? அடி பருத்து நுனி சிறுத்த ஒரு வெறுந்தண்டு. அதுவே கோலின் உயிர். அணிகளிற் குறை நேர்ந்தால் அவிழ்த்து மீண்டும் கட்டிக்கொள்ளலாம். தண்டிற் குறையிருப்பின் எத்துணை நூல் சுற்றினும், எத்துணை வார்னிஷ் பூசினும் அக்குறை நீங்காது. ஆதலின் கோல் கட்டுவோன் செய்யும் வேலைகளுள் தலையாயது, ஒரு நூலிழையுஞ் சுற்றுமுன் அவன் செய்யும் தேர்வே ஆகும்.

கோல் கட்டுவோர் இத்தண்டைப் பிளாங்க் என ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குவர். ஒன்றும் எழுதப்படாத வெற்றேட்டினையும் ஆங்கிலர் அச்சொல்லாற் குறிப்பர். யான் இதனைக் கழை என்றே சொல்ல விழைகின்றேன். மூங்கிலுக்கு வேய், அமை, பணை, வேரல் எனப் பல பெயர்கள் நம் மொழியில் உளவேனும், கழை என்பது மூங்கிலை மட்டும் குறித்து நில்லாமல், ஓடந் தள்ளும் கோலையும், கழைக்கூத்தர் ஏறியாடும் கம்பத்தையும் குறிக்கும். பொருளைக் குறித்த சொல் தொழிலையுங் குறிக்க வந்தமையால், மூங்கிலால் ஆகாத தண்டையும் அப்பெயரால் அழைப்பதில் இழுக்கில்லை.

தமிழ் பயிலும் மாணவனுக்கும் தூண்டிற் கழைக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். அதற்கு விடை என் தாயின் தந்தையார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து, தாமிரபரணியின் மருதூர் அணையிலிருந்து பிரியும் மேலக்காலில் மடைகளைத் திறந்தும் அடைத்தும் வாழ்நாளைக் கழித்தவர் அவர். கார்ப் பருவத்தில் நீர் எவ்வளவு, பிசானத்தில் எவ்வளவு என்பதைக் கரையிலுள்ள கல்லின் நனைவைக் கண்டே உரைப்பார். ஓய்வு பெற்ற பின்பும் நீரைப் பிரிய மனமின்றி, மாலைதோறும் படித்துறையில் அமர்ந்து கெண்டையும் குரவையும் பிடித்து வருவார். இரண்டாண்டுகளுக்கு முன்னர்ப் பக்கவாதம் வந்து அவரது வலக்கை ஓய்ந்தது. நடை ஒருவாறு மீண்டது, கை மீளவில்லை. ஒருநாள் தம் பழைய மூங்கிற்கோலை இடக்கையால் எடுத்து நீட்டிப் பார்த்தார். நுனி தாழ்ந்து தரையைத் தொட்டது. ஒன்றுஞ் சொல்லாமல் அதனைப் பரணில் ஏற்றச் சொன்னார். அன்று முதல் அவர் பேச்சுங் குறைந்தது.

அவருக்கு வேறொரு கோல் கட்டித் தருவது என்று யான் உறுதிகொண்டேன். என் தாயார் முதலில் உடன்படவில்லை. கால் தளர்ந்தவரை நீர்க்கரைக்கு அழைத்துச் செல்லலாமா என்பது அவர் கவலை. அகன்ற மேற்படியில் நாற்காலியிட்டு அமரவேண்டும், உடன் ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும் என்னும் இரண்டு நிபந்தனைகளோடு பின்னர் இசைந்தார். அந்த இசைவு ஒரு சோதனைக்கே அளிக்கப்பட்டது என்பதை யான் அறிவேன். கோல் அவர் கைக்கு அடங்காமற் போயின், அது மற்றொரு முறை அவரைப் பரணை நோக்கச் செய்யும். ஆகவே கழையைத் தேர்வது எனக்குப் பொழுதுபோக்காக இல்லை.

முதலில் தீர்க்கவேண்டியது உருளை வேண்டுமா, வேண்டாவா என்பது. நரம்பைச் சுற்றும் உருளை பொருத்திய கோலுக்கு இரு கைகள் வேண்டும். ஒரு கை பிடிக்க, மற்றொரு கை சுழற்றும். எனவே உருளை விலக்கப்பட்டது. நம் ஊர்ப் பழைய முறைப்படி நரம்பைக் கோலின் நுனியிலேயே கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. இம்முடிவினால் கழையின் பொறுப்பு இருமடங்காயிற்று. என்னை? உருளையுள்ள கோலில் பெரிய மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கலாம். நுனியிற் கட்டிய நரம்பிலோ விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. மீனின் திடீர் இழுப்பை ஏற்று, அதனைச் சிறிது சிறிதாகத் தணித்து, நரம்பு அறாமலும் மீனின் மெல்லிய வாய் கிழியாமலும் காப்பது கழையின் வளைவு ஒன்றே. கோலும் நரம்பும் ஒரே நேர்க்கோட்டில் நின்றுவிடின் அவ்வளைவும் பயன்படாது, நரம்பு அறும்.

இவ்விடத்தில் வலு, வளைவு என்னும் இரண்டினையும் பிரித்தறிதல் வேண்டும். கழையை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது வலு. அது எவ்விடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது வளைவின் இயல்பு. சில கழைகள் நுனிப்பகுதி மட்டும் வளைந்து, நடுவும் அடியும் விறைத்து நிற்கும். இவை விரைந்து மீள்வன; தூண்டிலைத் தொலைவில் வீசுவதற்கும், மீன் கடித்த கணத்தில் முள்ளை ஏற்றுவதற்கும் ஏற்றவை. வேறு சில அடிவரை ஒரு வில்லைப்போல் வளைவன. இவை மெல்ல மீள்வன. இழுப்பைப் பொறுமையோடு தாங்குவன. வலு மிகுந்த கழை மெல்லிய வளைவுடையதாகவும் இருக்கலாம். வலுக் குறைந்தது விரைந்த வளைவுடையதாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, விறைப்பானதே வலியது என்று கொள்வோர் பலர்.

இனிக் கழைக்குரிய பொருள்களைப் பார்ப்போம். தொன்மையானது மூங்கில். நம் நாட்டில் முழுத்தண்டாகவே பயன்பட்ட மூங்கிலை, மேனாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நீளவாக்கிற் பிளந்து, முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒன்றாக ஒட்டிக் கோல் செய்யக் கற்றனர். மூங்கிலின் வலிய நார்கள் அதன் புறத்தோலை அடுத்தே நெருங்கியுள்ளன. உள்ளே செல்லச் செல்ல நார் குறைந்து சோறு மிகும். பட்டைகளாகச் சீவி ஒட்டும்போது வலிய புறப்பகுதி மட்டும் கோலாகிறது. இம்முறையின் தொடக்கத்தில் அவர்கள் நாடியது இந்திய மூங்கிலையே. கல்கத்தாத் துறைமுகத்தின் வழியே சென்றமையின் அதற்குக் கல்கத்தா மூங்கில் என்று பெயரிட்டனர். நம் காடுகளிற் கல்மூங்கில் என வழங்கும் இனமே அது என்பர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன மூங்கில் ஒன்று அதன் இடத்தைக் கைப்பற்றியது. டாங்கின் மூங்கில் என்பது அதன் வாணிகப் பெயர். டாங்கின் என்பதோ வியட்நாமின் வடபகுதியின் பழம்பெயர். மூங்கில் விளைவது சீனத்துக் குவாங்டங் மாகாணத்தில். 1931இல் மக்கிளூர் என்னும் அமெரிக்கத் தாவர நூலறிஞர் அதற்கு அருந்தினேரியா அமாபிலிஸ் என்று பெயர் சூட்டினார். அமாபிலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அன்பிற்குரியது என்பது பொருள். அவர் அந்நாளிற் பணியாற்றியது, காண்டன் நகரிற் கிறித்தவக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் லிங்னான் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிலையத்தில் என்பது நம்மனோர்க்கு உவகை தரும் செய்தி.

1950இல் அமெரிக்க அரசு சீனத்தோடு வாணிகத்தைத் தடைசெய்யவே, அந்நாட்டிற்கு அம்மூங்கிலின் வரத்து நின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், கண்ணாடியிழைக் கழைகள் தோன்றியிருந்தன. கண்ணாடியை நூலினும் மெல்லிய இழையாக இழுத்துத் துணியாக நெய்து, பிசின் ஊட்டி, கூரிய எஃகுக் கம்பியின்மேற் சுருட்டி, சூளையில் வேகவைத்து, பின்பு கம்பியை உருவி எடுத்தால் உள்ளீடற்ற கழை கிடைக்கும். 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பரோ நகரத்து வானூர்தி ஆய்வு நிலையத்தார் கார்பன் என்னும் கரியால் ஆன வலிய இழையைச் செய்யும் முறையைக் கண்டனர். 1973இல் அமெரிக்கப் பென்விக் நிறுவனத்தார் கரியிழைக் கோலை விற்பனைக்குக் கொணர்ந்தனர். கரியிழை, ஒத்த விறைப்புடைய கண்ணாடியிழையினும் மிக இலேசானது. ஆயினும் கல்லில் மோதிக் கீறல் பட்டால், பின்னொருநாள் எதிர்பாராத வேளையில் முறியும். கண்ணாடியிழை சற்றுக் கனமுடையது; மென்மையாய் வளைவது; மோதலை நன்கு பொறுப்பது.

இம்மூன்றினுள் எது சிறந்தது என்று கடையில் வினவினேன். விலை மிகுந்ததே சிறந்தது என்னும் விடை கிடைத்தது. யாருடைய கைக்கு, எந்த மீனுக்கு என்று எவரும் என்னைத் திருப்பி வினவவில்லை. சிலம்பம் பயிற்றும் ஆசான், மாணாக்கனை நிறுத்தி அவன் உயரத்தை அளந்த பின்னரே கம்பை நறுக்குகின்றார். தூண்டிற் கழைக்கும் அம்முறையே முறையென்று எனக்குத் தோன்றியது. ஆகவே கடையை விட்டுப் பாட்டனாரின் கையிலிருந்து கணக்கைத் தொடங்கினேன்.

முதற்கணக்கு எடையைப் பற்றியது. கோலின் மொத்த எடையினும், அவ்வெடை எங்கே இருக்கின்றது என்பதே கைக்குப் பெரிது. 8 அடிக் கோலை அடியிலிருந்து 1 அடி தள்ளிப் பிடிப்பதாகக் கொள்வோம். நுனி கைக்கு அப்பால் 7 அடி. நுனியில் 10 கிராம் கூடினால், அதனைச் சமன்செய்ய அடிமுனையை 70 கிராம் அளவுக்குக் கீழே அழுத்தவேண்டும். கையோ இரண்டையுஞ் சேர்த்து 80 கிராம் தாங்கவேண்டும். மணிக்கட்டு வலிமையுடையார்க்கு இது பொருட்டன்று. தளர்ந்தார்க்கு இதுவே தடை. அடிமுனையை முழங்கை வரை நீளவிட்டு, முன்கையின் கீழ்ப்புறத்தில் ஒரு பட்டையாற் பொருத்திவிட்டால், அழுத்தும் வேலையை மணிக்கட்டு செய்யாமல் முன்கை செய்யும். எனவே தேவைக்குச் சற்று நீண்ட கழையை வாங்கி, மிகுதியை அடியில் நறுக்குவதே முறை. நுனியில் நறுக்கினால் மெல்லிய பகுதி போய்க் கழையின் இயல்பே மாறிவிடும்; மென்மையாய் இருந்தது விறைத்துவிடும்.

இரண்டாங்கணக்கு வலுவைப் பற்றியது. இதற்கு அமெரிக்கக் கோல்கட்டுவோர் கையாளும் எளிய முறை ஒன்றுண்டு. கழையின் அடியைக் கிடையாக இறுக்கி வைத்து, நுனியில் ஒரு சிறு பையைக் கட்டி, கழையின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு நுனி தாழும்வரை அதனுட் காசுகளை இடுவர். அவர்கள் கொள்வது 2.5 கிராம் எடையுள்ள ஒரு சென்ட் காசு. எத்தனை காசிற்கு எவ்வளவு தாழ்ந்தது என்று எண்ணினால், கடைக்காரரின் சொல்லைக் கேளாமலே இரு கழைகளை ஒப்பிடலாம். யான் நம் ஒரு ரூபாய்க் காசுகளைக் கொண்டு திண்ணைச் சுவரின்மேல் இச்சோதனையைச் செய்தேன். காசின் வகை யாதாயினும் எல்லாக் கழைகளுக்கும் ஒன்றே பயன்படின் ஒப்பீட்டிற்கு இடையூறில்லை.

மூன்றாவது நேர்மை. கழையைக் கண்ணருகே பிடித்து அதன் நீளத்தை நோக்கினால் கோணல் புலப்படும். அன்றியும், உருட்டிச் செய்த கழையில் துணியின் மடிப்பு ஒருபுறம் மிகுந்திருப்பதால் அப்புறம் சற்று விறைப்பாக இருக்கும். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு விரலின்மேல் தாங்கி, நடுவை மெல்ல அழுத்தி உருட்டினால், கழை தானாகவே ஒரு நிலையை நாடித் துள்ளி நிற்கும். அதனைக் கழையின் முதுகு என்பர். முதுகை நோக்கியே கட்டவேண்டும் என்பாரும், நேராக நிற்கும் பக்கத்தை நோக்கிக் கட்டினாற் போதும் என்பாரும் எனக் கோல்கட்டுவோர் இருதிறத்தார் உளர். யான் அவ்வழக்கிற் புகாமல், முதுகிருந்த இடத்தில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடிட்டு வைத்தேன்.

இறுதியில் மூன்று கழைகள் வீட்டுத் திண்ணையிற் சேர்ந்தன. ஒன்று மூங்கிற் கடையில் யானே பொறுக்கிய கல்மூங்கில். மற்றொன்று வருவித்த 9 அடிக் கண்ணாடியிழை. பிறிதொன்று நண்பன் இரவலாகத் தந்த கரியிழை. காசுச் சோதனையும் எடையும் பார்த்தபோது கரியிழையே வென்றது. எடையிற் பாதியும் இல்லை. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியவில்லை. ஆயினும் முடிவுசெய்ய வேண்டிய கை என் கையன்று. ஆகவே மூன்றையும் பாட்டனார் முன் வைத்தேன்.

அவர் முதலிற் கரியிழையை எடுத்தார். முகம் சற்றே மலர்ந்தது. பின்பு, "இது எதனால் ஆனது, தம்பி?" என்றார். கரியால் ஆன இழை என்றேன். "கரி என்றால் மின்சாரம் பாயுமோ?" என்றார். பாயும் என்றேன். உடனே அதனைக் கீழே வைத்துவிட்டார். "நம் படித்துறைக்கு மேலே பம்புசெட்டுக்குப் போகும் கம்பி இருக்கிறது. வேனிற்காலத்தில் அது தொய்ந்து தாழும். நான் கையை அடக்கிப் பிடிக்கக்கூடியவன் அல்லன். இது ஆகாது," என்றார். மின்கம்பியின் கீழே எந்தக் கோலையுமே உயர்த்தலாகாது. நனைந்த மூங்கிலும் காப்பன்று. எனினும் கரியிழையின் ஆபத்து மற்றவற்றினும் மிகப் பெரிது. என் கணக்குகள் அனைத்திலும் நீர் இருந்தது, மீன் இருந்தது, கை இருந்தது. அக்கரையை நாற்பதாண்டுகள் நடந்தவரின் கண்ணில் மட்டுமே அதன்மேலுள்ள வானமும் இருந்தது. முதலில் வேறிடம் பார்த்து அமரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் படித்துறை தவிர வேறிடம் அவருக்கு இல்லை என்பதை உணர்ந்து அடங்கினேன்.

அடுத்து மூங்கில். அதனைத் தட்டிப் பார்த்தார், கணுக்களைத் தடவினார். "மூன்றாண்டு முற்றிய கழை. மார்கழிக்கு மேல் வெட்டியிருப்பார்கள், துளைப்பூச்சி விழவில்லை," என்றார். மூங்கில் ஒரே மழைக்காலத்தில் முழு உயரம் வளர்ந்துவிடும். ஆனால் வயிரம் ஏறுவதற்கு மூன்றாண்டேனும் ஆகும். உலர்ந்த பருவத்தில் மாச்சத்துக் குறைந்திருக்கும்போது வெட்டியதையே பூச்சி நாடாது. கோணலை அனலில் வாட்டி நிமிர்த்தும் விதத்தையும், நிழலில் நிறுத்தி உலர்த்தும் விதத்தையும் விரித்துச் சொன்னார். நோய் வந்த நாள் முதல் அவர் இவ்வளவு பேசி யாங்கள் கேட்டதில்லை. என் தாயார் அடுக்களை வாயிலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மூங்கிலை இடக்கையால் நீட்டியபோது நுனி மெல்லத் தாழ்ந்தது. அவர் அதனைப் பார்த்தார், யாங்களும் பார்த்தோம்.

பின்பு கண்ணாடியிழை. அடியை முன்கையின் கீழே பொருத்திக் கொடுத்தேன். நுனி நின்றது. மெல்ல அசைத்தார், கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் அசைத்தார். நுனியில் நரம்பைக் கட்டி அதன் முனையை யான் கையாற் பற்றி மீனைப்போல் இழுத்தேன். கழை அடிவரை வளைந்து, அவசரமின்றி நிமிர்ந்தது. "பழைய கோலின் நடை இதில் இருக்கிறது," என்றார். அத்துடன் தேர்வு முடிந்தது. மூங்கிலை எடுத்து என் பக்கம் தள்ளி, "இது உன் கைக்கு," என்றார்.

அடியில் அரையடி நறுக்கி, விரல்கள் முழுதும் மடங்க வேண்டாதபடி பருத்த தக்கைப் பிடியும், முன்கைக்குத் தோற்பட்டையும் அமைத்தேன். பிசானத்திற்கு நீர் திறந்த பின்னர், இரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, அவரைப் படித்துறைக்கு அழைத்துச் சென்றோம். முதல் மூன்று மாலைகளில் ஒன்றும் கிட்டவில்லை. நான்காம் மாலையில் உள்ளங்கை அளவான ஒரு கெண்டை வந்தது. நரம்பு அறவில்லை. அம்மீனின் அளவைக் கேட்டவர்க்கெல்லாம் அவர் உள்ளபடியே சொன்னார். தூண்டிலிடுவோரிடத்து இஃது அரிய பண்பு என்று அறிந்தோர் கூறுவர்.

அன்பர்காள்! எது சிறந்த கழை என்னும் வினாவிற்கு விடையில்லை. எவர் கைக்கு, எந்நீரில், எம்மீனுக்கு, எவ்வானத்தின் கீழ் என்று வினாவை முழுமையாக்கினால் விடை தானே வந்து நிற்கின்றது. இலேசானதும் விலை மிக்கதுமாகிய ஒன்று அவ்விடையாக இல்லாமற் போகலாம். பிறர்க்கு ஒன்றைத் தேர்ந்து தரும்போது, நம் அளவுகோல்களையெல்லாம் வைத்து அளந்த பின்னரும், பொருளை அவர் கையிற் கொடுத்து, அவர் பேசும்வரை காத்திருத்தல் வேண்டும். என் பங்குக்கு வந்த கல்மூங்கிலின் நடுவில் ஒரு சிறு கோணல் உளது. இவ்விடுமுறையில் அதனை அனலில் வாட்டி நிமிர்த்தக் கற்பிப்பதாகப் பாட்டனார் சொல்லியிருக்கின்றார். வலக்கையின் வேலையை யான் செய்யவேண்டும். எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அவர் சொல்வார்.